43 பைட்: ஒரு வெற்றுப் படத்தின் கதை

பழைய சிடிகளைக் கழிக்கலாம் என்று எடுத்து வைத்தபோது, 2001-ல் ஒரு கடைக்காக நான் செய்துகொடுத்த இணையதளத்தின் கோப்புகள் அகப்பட்டன. இப்போது அந்தக் கடையும் இல்லை, தளமும் இல்லை. படங்கள் இருந்த ஃபோல்டரில் ஸ்பேசர்.ஜிஃப் என்று ஒரு கோப்பு. அளவு 43 பைட். திறந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தெரிய அதில் எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல், நிறம் கிடையாது, கண்ணாடி மாதிரி. முகப்புப் பக்கத்தில் மட்டும் அதை எத்தனை இடத்தில் போட்டிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இப்போது வெப் டிசைன் வேலைக்கு வருகிறவர்களிடம் இதைக் காட்டினால், எதுக்கு இதுன்னு கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஹெச்டிஎம்எல் பிறந்தது செர்ன் ஆய்வுக்கூடத்தில். விஞ்ஞானிகள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள வந்த மொழி அது. இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று சொல்லலாம். 'இங்கே இருபது பிக்சல் இடம் விடு' என்று சொல்ல வழி கிடையாது. அச்சுத் துறையிலிருந்து வந்த டிசைனர்களுக்கு இது மூச்சு முட்டியது. 1995-ல் நெட்ஸ்கேப் 1.1 டேபிளைக் கொண்டுவந்தது. புள்ளிவிவரம் போடுவதற்கான கட்டம்தான் அது. ஆனால் கோட்டின் தடிமனைப் பூஜ்யம் ஆக்கினால் கோடு மறைந்துவிடும், கட்டம் மட்டும் நிற்கும். அவ்வளவு போதுமே! லோகோ ஒரு கட்டத்தில், மெனு ஒரு கட்டத்தில், செய்தி நடுவில்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. உள்ளே எதுவும் இல்லாத கட்டம் சுருங்கிவிடும். அதைத் தாங்க ஒரு முட்டு வேண்டும். அந்த முட்டுதான் நம்ம ஒரு பிக்சல் படம். அகலம் 150 என்று எழுதினால் பிரவுசர் அதை 150 பிக்சலுக்கு இழுத்துப் பிடிக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கு வெறும் இடைவெளி. டேவிட் சீகல் 1996-ல் எழுதிய 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' புத்தகம் இந்த வித்தையை ஊரெல்லாம் பரப்பியது. அடுத்த வருஷமே, வலையைக் கெடுத்ததே நான்தான் என்கிற மாதிரி ஒரு கட்டுரையும் எழுதினார். சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சரியான மருந்து அதற்கு முன்னாடியே வந்துவிட்டது. ஹோகன் வியும் லீ சிஎஸ்எஸ் யோசனையை முன்வைத்தது 1994 அக்டோபரில், நெட்ஸ்கேப்பின் டேபிளுக்கும் முன்னால். 1996 டிசம்பரில் அது தரநிலையாகவும் ஆனது. ஆனால் பிரவுசர்கள் அதை ஒழுங்காகக் கையாளவில்லை. நெட்ஸ்கேப் 4-ல் ஒரு மாதிரி, எக்ஸ்ப்ளோரரில் வேறு மாதிரி. சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் எது எல்லா இடத்திலும் ஓடுமோ அதைத்தான் போடுவான். நானும் அப்படித்தான் போட்டேன்.

கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. காதால் கேட்கிறவர்களுக்கு இருந்தது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர், படத்தைப் பார்த்தால் அதன் ஆல்ட் வரியைப் படிக்கும். அந்த வரி இல்லையென்றால், அந்தக் காலத்தில் பல ரீடர்கள் கோப்பின் பெயரையே படித்துவிடும். 'ஸ்பேசர் டாட் ஜிஃப், ஸ்பேசர் டாட் ஜிஃப், ஸ்பேசர் டாட் ஜிஃப்...' செய்தியின் முதல் வரி வருவதற்குள் பொறுமை போய்விடும். இதைத் தடுக்க எழுத வேண்டியது ஆல்ட் என்ற சொல், ஒரு சமக்குறி, நடுவில் ஒன்றும் இல்லாத இரண்டு மேற்கோள் குறி. அவ்வளவுதான். என் பழைய பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அது இல்லை.

இந்த ஆல்ட் விவகாரம் ஆஸ்திரேலியாவில் வழக்காகவே ஆனது. ப்ரூஸ் மக்வையர் பார்வையற்றவர், திரையில் இருப்பதைப் பிரெய்ல் கருவி வழியாக விரலால் படிப்பவர். சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று 1999-ல் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். அவர் கேட்டது மூன்றே விஷயம்: படங்களுக்கும் பட இணைப்புகளுக்கும் ஆல்ட் வரி, அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி, முடிவுகளைப் படிக்க வழி. ஒலிம்பிக் அமைப்புக் குழு, இதைச் செய்ய ஓர் ஆள் தினம் எட்டு மணி நேரம் வீதம் 368 நாள் உழைக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. மக்வையர் தரப்பு வல்லுநர்களோ, ஒரு சின்னக் குழு நாலு வாரத்தில் முடித்துவிடும் என்றார்கள். 2000 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பு வந்தது: இது பாகுபாடுதான், போட்டி தொடங்கும் செப்டம்பர் 15-க்குள் சரிசெய்ய வேண்டும். முழுசாகச் செய்யவில்லை. போட்டி முடிந்த பிறகு, நவம்பரில், மக்வையருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஆணையம்.

தீர்ப்பைப் பார்த்து டிசைனர்கள் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். டேபிள் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிரவுசர்கள் மெல்ல உருப்பட்டன. 2002-ல் வயர்ட் தளம் சிஎஸ்எஸ் அமைப்புக்கு மாறியது. 2003 மே மாதம் டேவ் ஷியா 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' தொடங்கினார். ஒரே ஹெச்டிஎம்எல், அதில் ஓர் எழுத்தையும் தொடாமல் சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றினால் பக்கமே வேறு முகம் காட்டும். அதை முதல்முறை பார்த்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே ஸ்பேசரைக் கைவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் 2005 வரை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த 43 பைட் படமாவது செத்துப் போச்சா என்றால், இல்லை. வேலையை மட்டும் மாற்றிக்கொண்டது. விளம்பர மின்னஞ்சல்களின் அடியில் அதே ஒரு பிக்சல் வெற்றுப் படம் இருக்கும், ஒவ்வொருவருக்கும் தனி முகவரியோடு. கடிதத்தைத் திறந்ததும் படம் சர்வரிலிருந்து வரும், நீங்கள் எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்பது அனுப்பியவருக்குப் போகும். 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே காட்டுகிறது. 2021-ல் ஆப்பிள் ஒரு படி மேலே போய், கடிதத்தை நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படத்தை முன்கூட்டியே எடுத்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

சிடியைத் தூக்கிப் போடவில்லை. கோப்புகளை மட்டும் லேப்டாப்பில் நகல் எடுத்து, அந்த எழுபது சொச்சம் இடத்திலும் வெற்று ஆல்ட் எழுதிவிட்டேன். ஒன்றரை நிமிஷம் ஆனது.