நிழற்படங்களிற் கண்டி நாடு

கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் 1815ஆம் ஆண்டிற் சிறைப்பிடிக்கப்பட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தான். பிரான்சு தேயத்திலே தாகர் என்பார் கண்ட நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். இடைப்பட்டவை ஏழே ஆண்டுகள். ஆகவே அம்மன்னனை ஓவியர் எழுதிய சித்திரங்களிலேயன்றி நிழற்படத்திற் காணும் வாய்ப்பு நமக்கு இல்லாது போயிற்று. கண்டி நாட்டின் நிழற்பட வரலாறு, அந்நாடு அரசிழந்த பின்னரே தொடங்குகின்றது. இதனை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனில் அதன் பின்னர் எடுக்கப்பட்ட படங்கள் யாரால், யாருக்காக எடுக்கப்பட்டன என்னும் வினாவுக்கு விடை இங்கேயே கிடக்கின்றது.

கண்டி நகரில் யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் 1866ஆம் ஆண்டளவில் நிழற்பட நிலையம் நடத்தினார். அடுத்த ஆண்டிலே கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. அதே 1867இல் யேம்சு தெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். இம்மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தமை தற்செயலன்று. தோட்டத்துரைமாரும், புகையிரதத்தில் வந்திறங்கிய பிரயாணிகளுமே நிழற்படங்களை விலைகொடுத்து வாங்கினர். தலதா மாளிகை, மன்னன் அமைத்த ஏரி, பேராதனைப் பூந்தோட்டம், 1833இல் மகாவலியின் மீது முதிரை மரத்தாற் கட்டப்பெற்ற பேராதனைப் பாலம் ஆகியன மீண்டும் மீண்டும் படமாக்கப்பட்டன. அம்மரப்பாலம் 1905இல் அகற்றப்பட்டது. இன்று அதன் வடிவை நாம் அறிவது பெரிதும் அப்படங்களினாலேயே. விற்பனைக்காக எடுத்தவையாயினும் அவற்றால் நமக்கு விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

அக்காலத்திற் படமெடுத்தல் எத்துணை உழைப்பை வேண்டிற்று என்பதையும் ஈண்டுக் கூறல் தகும். கண்ணாடித் தகட்டின்மேற் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கருவியில் இட்டுப் படம்பிடித்து, உடனேயே இருட்டறையிற் கழுவி எடுத்தல் வேண்டும். சில நிமிடங்கள் தாமதித்தாலும் தகடு பயனற்றுப் போகும். ஆதலால் படப்பிடிப்பாளன் போகுமிடமெங்கும் கூடாரமும், கண்ணாடித் தகடுகளும், மருந்துப் போத்தல்களும், தண்ணீரும் உடன் சென்றன. தொல்பொருள் ஆய்வுக்கென அரசினர் அமைத்த குழுவின் பணிப்பின்பேரில் லோட்டன் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா முதலிய இடங்களுக்குச் சென்றபோது அத்தனை பொருளும் காட்டுவழியே சென்றிருத்தல் வேண்டும். அவர் 1872இல் மறைந்தார். அவருடைய படங்கள் பெருநூல்நிலையங்களிற் பேணப்படுகின்றன. அச்சுமையைத் தூக்கிச் சென்றவர்கள் யாவர் என்பதைக் கூறுவாரில்லை. அவர்களுட் சிலர் படங்களிலேயே இருத்தலுங் கூடும். கற்றூணின் உயரத்தைக் காட்டுதற்கு ஓர் ஆளை அருகே நிறுத்துதல் அக்காலப் படப்பிடிப்பாளரின் வழக்கம். தூணுக்குப் பெயருண்டு, ஆளுக்கு இல்லை.

இக்குறை லோட்டனுக்கு மட்டும் உரியதன்று. 1870களின் பிற்பகுதியிற் கண்டியில் நிலையம் அமைத்த சுகோவன், கொழும்பிலிருந்த சுகீன், 1890இல் தோன்றிப் பின்னர் அஞ்சலட்டைகளாற் புகழ்பெற்ற பிளாற்றே ஆகிய நிறுவனத்தாரெல்லாரும் இவ்வழியே சென்றனர். 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்போர்', 'கண்டித் தலைவர்' என்றவாறே பெயர்ப்பலகைகள் அமைந்தன. இந்தியாவிலே 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூலும் மனிதரைக் குலமும் வகுப்புமாகவே அடுக்கிற்று. உலகப் புகழ்வாய்ந்த யூலியா மார்கரெற் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, பெரும்பாலும் களுத்துறையிலே சில படங்களை எடுத்து, 1879இல் மலைநாட்டுத் தோட்டமொன்றிற் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் பெற்றார். இங்கிலாந்திலே கவிஞரையும் அறிஞரையும் பெயரோடு படமாக்கிய அவ்வம்மையாரும் இங்கே பெரும்பாலும் எடுத்தது 'குடியானவர்' கூட்டத்தைத்தான்.

விதிவிலக்கை நாடுவோர் ஆனந்த குமாரசுவாமியிடம் வருதல் வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர், கனிப்பொருள் ஆய்வுப் பணியின்பொருட்டு மலைநாடெங்கும் திரிந்த காலத்திற் கைவினைஞரின் இல்லங்களை நாடிச் சென்றார். உடன்சென்ற மனைவியார் எதெல் அம்மையார் படங்களை எடுத்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே அப்படங்கள் இடம்பெற்றன. அவற்றில் வரும் மனிதர் அளவுகோலாக நிற்கவில்லை. தம் தொழிலைச் செய்கின்றனர். கண்டி நாட்டை விற்பனைப் பொருளாக அன்றி, அறியத்தக்க பொருளாக நோக்கிய நிழற்படத் தொகுதி இதுவே என்பது எனது துணிபு. லயனல் வெண்டின் படங்களைச் சிலர் இதற்கு மேலாக வைப்பர். 1944இல் மறைந்த அப்பெருங் கலைஞரின் திறன் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் தேடியது அழகை. வரலாற்று மாணவன் தேடுவது வேறு.

அவன் தேடுவது ஒரு பிரதேசத்தார் தம்மைத் தாமே எவ்வாறு கண்டனர் என்பதை. இங்கிலாந்திலே சேர் பெஞ்சமின் சுரோன் என்பார் 1897இல் ஒரு தேசிய நிழற்படப் பதிவுச் சங்கத்தை நிறுவினார். ஊர்தோறும் இருந்த ஆர்வலர் தத்தம் ஊரின் ஆலயம், வீடு, திருவிழா, வழக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து உதவ, அவையெல்லாம் பிரித்தானிய நூதனசாலையிற் சேர்க்கப்பட்டன. பலர் கூடி ஒரு நாட்டின் உருவத்தைச் சமைக்கும் முயற்சி அது. 1910இல் அச்சங்கம் கலைந்தது. கண்டிப் பகுதித் தமிழரிடையே அத்தகைய சங்கம் இருந்ததில்லை. ஆயினும் படங்கள் இருந்தன. அவை சங்கத்திலன்றித் தகரப்பெட்டிகளில் இருந்தன.

அப்பெட்டிகளிற் கிடந்தவை எவை? கண்டிப் பட்டினத்து நிலையமொன்றில், ஏரியும் மாளிகையும் தீட்டிய திரைக்கு முன்னால், இரவல் வாங்கிய கைக்கடிகாரத்துடன் நிற்கும் மணமகன். தோட்டத்துக் கோயில் தேரின் முன்னே குழுமிய பஞ்சாயத்தார். துரை நாடு திரும்புகையில் நடுவே அவரை இருத்தி எடுத்த பிரியாவிடைப் படம். இவற்றோடு, மலைநாட்டுக்கே உரியதான வேறொரு படவகையும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிற்று. அதன்பின் விண்ணப்பங்கள் பெருகின. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்துக்கு மக்கள் கடவுச்சீட்டுக்காக நடந்தனர். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அதுவரை வாழ்நாளில் ஒருமுறையேனும் படமெடுத்திராத முதியோரும் கருவியின் முன் அமர்ந்தனர். அவர்களுட் பலருக்கு அதுவே முதலும் கடைசியுமான படம். பிற்காலத்தில் அச்சிறு படத்தைப் பெருப்பித்து, வர்ணம் தீட்டி, நெற்றியிற் பொட்டிட்டு, லயக் காம்பிராச் சுவரிலே மாலை சூட்டி வைத்தனர். நாட்டைவிட்டு அனுப்புதற்கென எடுத்த படம் வீட்டுக்குக் குலதெய்வம் ஆயிற்று.

தலைமன்னாரிற் கப்பலேறியோர் தம் பெட்டிகளையும் கொண்டே சென்றனர். ஆதலால் கண்டியின் படங்கள் பல இன்று நீலகிரியிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருத்தல் கூடும். எஞ்சியவற்றுள் எத்தனையோ 1983 ஆடிக் கலவரத்தில் வீடுகளோடும் கடைகளோடும் வெந்தன. தப்பியவற்றை ஈரமும் கறையானும் அரிக்கின்றன. கம்பளைக்கு அண்மையிலே 2007இல் அமைக்கப்பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை, தொழிலாளர் புழங்கிய பொருள்களையும் ஆவணங்களையும் திரட்டிப் பேணுகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிம வடிவிற் காத்துவருகின்றது. இவை போற்றத்தக்கன. எனினும் பெட்டியிலிருந்து படம் வெளிவருதற்கு ஊரார் ஒருவரேனும் வீட்டு வாயிலுக்குச் செல்லுதல் வேண்டும்.

யானும் எனது வகுப்பு மாணவரும் அதனைச் சிறிதளவில் முயன்றோம். முதலிற் செய்தது பிழையே என்பதை மறைப்பதற்கில்லை. பல்லாண்டுகளுக்கு முன், பாடசாலைக் கண்காட்சி ஒன்றுக்காக, மாணவி ஒருத்தி கொணர்ந்த குழுப்படத்தை அழகாக இருக்கவேண்டுமென எண்ணித் தடித்த அட்டையில் யானே பசையிட்டு ஒட்டினேன். மறுநாள் அவளுடைய பாட்டனார் வந்தார். "படத்துக்குப் பின்னால எங்க அப்பா பென்சிலால எல்லாரு பேரும் எழுதி வச்சிருந்தாருங்க, சேர்" என்றார். கோபித்தாரல்லர். அட்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது தாளின் முதுகுப்புறமே உரிந்து வந்தது. முப்பதுக்கு மேற்பட்ட முகங்கள். அவற்றுள் நான்கினை மட்டுமே அம்முதியவராற் பெயர்சொல்ல இயன்றது. சுகோவன் நிறுவனத்தார் எழுதாது விட்ட பெயர்களைக் குறித்து மேலே குறைகூறினேன். எழுதியிருந்த பெயர்களை அழித்தவன் யான்.

அதன்பின் படத்தை வாங்கி வைப்பதில்லை. வீட்டுக்குச் சென்று, வெயில் நேரே விழாத திண்ணையிற் படத்தை வைத்துக் கைத்தொலைபேசியினால் முன்புறம் பின்புறம் இரண்டையும் பிரதிசெய்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். பெயர், ஊர், எடுத்த காலம், சொன்னவர் யார் என்பவற்றை மாணவர் பயிற்சிப் புத்தகத்திற் பதிவர். முதல் மாதத்தில் வகுப்பிற் பாதிப்பேர் வெறுங்கையோடே வந்தனர். "எங்க வீட்டுல படம் இல்ல, சேர்" என்றவர்களிற் பலர் வெட்கத்தினால் அவ்வாறு கூறினர் என்பது பின்னரே புலனாயிற்று. படத்திலே தாத்தா வெறுங்காலோடு நின்றாராம்.

படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கையிலேயே வரலாறு வாய்திறக்கின்றது. ஒரே குழுப்படத்தின் இரு பிரதிகள் இரண்டு வீடுகளிலிருந்து வந்தன. நடுவே தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தவரை ஒரு வீட்டார் தம் முப்பாட்டனாராகிய பெரியகங்காணி என்றனர். மற்றை வீட்டாரோ, அவர் அன்று தேர்த்திருவிழாவுக்கு வந்திருந்த விருந்தினர் என்றும், பெரியகங்காணி ஓரத்திற் குடை பிடித்து நிற்பவர் என்றும் சாதித்தனர். இரு மாணவரும் ஒரு கிழமை பேசிக்கொள்ளவில்லை. ஈற்றில் மேற்கணக்கு லயத்திலிருந்த மூதாட்டி ஒருவரிடம் சென்றோம். கண்பார்வை மங்கிய அவர் படத்தை வாங்கி வெளிச்சத்திற் பிடித்தார். நடுவிலிருந்தவரையும் நோக்கவில்லை, குடைபிடித்தவரையும் நோக்கவில்லை. கீழ்வரிசை ஓரத்திற் குந்தியிருந்த சிறுமியின்மேல் விரலை வைத்து, "இது எங்க அக்கா. அறுபத்தெட்டுல கப்பலேறிப் போச்சு. படம் ஒண்ணும் எங்கிட்ட இல்லைன்னு இருந்தேன்" என்றார்.

அவருக்கு அப்படத்தின் பிரதியொன்றைப் பெருப்பித்துக் கொடுத்தோம். பயிற்சிப் புத்தகத்திற் கீழ்வரிசை இடமிருந்து முதலாவது இடத்துக்கு நேரே பெயர் எழுதியாயிற்று. நடுவில் இருப்பவருக்கு நேரே இரண்டு பெயர்கள் கிடக்கின்றன. இரண்டையும் பென்சிலாலேயே எழுதியுள்ளோம்.