வாசலைத் தாண்டியவர்கள்: தொடக்ககால இந்திய அழகிகள்

இந்திய அழகிப் போட்டி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது 1994ஆம் ஆண்டுதான். சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும் ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் ஒரே ஆண்டில் முடிசூடினர். தாராளமயம், அழகுசாதனச் சந்தை, பெண்ணுடல் விற்பனைப் பண்டமாவது என்று அப்போது எழுந்த விவாதங்கள் இன்னும் ஓயவில்லை. அந்த விமர்சனங்களில் நியாயம் உண்டு. ஆனால் பட்டத்தின் வரலாறு அங்கே தொடங்கவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு அதைப் பெற்றவர்கள் யார் என்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. அது சந்தையின் கதை அன்று, வாசற்படியின் கதை.

முதல் இந்திய அழகி எனக் குறிப்பிடப்படுபவர் பிரமீளா. 1947இல் பட்டம் பெற்றார். இயற்பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர் மரபில் 1916இல் பிறந்தவர். முடிசூடியபோது முப்பது வயதைக் கடந்தவர், குழந்தைகளுக்குத் தாய், இந்தித் திரையுலகில் நடிகையாக அறியப்பட்டவர். அவருடைய கணவர் குமார் என்ற திரைப்பெயரில் நடித்த இசுலாமியர். பிற்காலத்தில் கணவர் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தபோதும் பிரமீளா இங்கேயே தங்கிவிட்டார். பாகிஸ்தானுக்காக உளவு பார்க்கிறார் என்ற ஐயமும் ஒருமுறை அவர்மீது விழுந்தது. தம் படங்களை விளம்பரப்படுத்தவே அங்கே சென்றுவந்தார் என்பது பின்னர் தெளிவாயிற்று. நாட்டின் பெயரைத் தாங்கிய பட்டம் அந்த ஐயத்திலிருந்து அவரைக் காக்கவில்லை. அவருடைய மகள் நக்கி ஜஹான் 1967இல் இந்திய அழகியாகத் தேர்வு பெற்றார்.

1952ஆம் ஆண்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவ்வாண்டு பட்டம் பெற்றவர் இந்திராணி ரஹ்மான். 1930இல் சென்னையில் பிறந்தவர். தாய் அமெரிக்கர்; மிச்சிகன் மாநிலத்தில் எஸ்தர் லுவெல்லா ஷெர்மன் என்ற பெயரில் பிறந்து, இந்திய நடனத்தின்மேல் கொண்ட பற்றால் ராகினி தேவி ஆனவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பரதம் பயின்றார். கேரள கலாமண்டலத்தில் கதகளி கற்றார். தந்தை ராமலால் பல்ராம் பாஜ்பாய். இந்திராணி பதினைந்தாம் வயதில் கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தார்; போட்டியில் நின்றபோது ஒரு பெண் குழந்தைக்குத் தாய். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றுத் தேர்ந்தவர்.

அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்றவர் அவ்வாண்டின் 'மிஸ் மெட்ராஸ்' டங்குடூரி சூரியகுமாரி. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டங்குடூரி பிரகாசத்தின் உறவினர். சிறுமியாகவே தெலுங்கு, தமிழ்ப் படங்களில் பாடி நடித்தவர். ஆந்திரர்கள் இன்றும் பெருமையோடு பாடும் 'மா தெலுகு தல்லிகி' பாடல் அவர் குரலில்தான் பரவியது.

1952 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் முதல் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தது. அதன் பிறப்பே ஒரு நீச்சலுடைத் தகராறு. அமெரிக்க அழகி யோலாண்ட் பெட்பெஸ், முடிசூடியபின் நீச்சலுடையில் காட்சிதர மறுத்தார். கோபமுற்ற நீச்சலுடை நிறுவனம் அப்போட்டியிலிருந்து விலகித் தனியாக ஒன்றைத் தொடங்கியது. முப்பது பேர் கலந்துகொண்ட அந்த முதல் போட்டியில் பின்லாந்தின் ஆர்மி கூசெலா வென்றார். இந்தியாவின் சார்பில் நின்றவர் இந்திராணி. நீச்சலுடையும் நெற்றிப் பொட்டும் கூந்தலில் பூவுமாக அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. அதைப் பார்க்கும்போது முரண்பாடு எதுவும் உறுத்துவதில்லை என்பதே வியப்பு. மேடையில் நிற்கவும், பார்வைகளைத் தாங்கவும், தன்னுடலைத் தன் ஆட்சியில் வைத்துக்கொள்ளவும் நடனம் முன்பே அவருக்குக் கற்பித்திருந்தது.

இங்கே நடனத்தின் வரலாற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அதற்குச் சற்று முன்னரே சதிர் 'பரதநாட்டியம்' ஆகிவிட்டது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடியபின் உயர்குடிப் பெண்களுக்கு அம்மேடை மெல்லத் திறந்தது. தலைமுறை தலைமுறையாக அதில் ஆடிவந்த பெண்களுக்கோ அது மூடிக்கொண்டது. கலை காப்பாற்றப்பட்டது, கலையைக் காத்தவர்கள் விலக்கப்பட்டனர். பலர் காண ஒரு பெண் மேடையில் நிற்பது இழிவா, பெருமையா என்பதை அவள் எந்தக் குடும்பத்தில் பிறந்தாள் என்பதே தீர்மானித்தது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதை முன்பே சொல்லிவிட்டது. மாதவியின் ஆடலைக் கண்ட சோழன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் தருகிறான். மறுகணமே அந்த மாலை நகர நம்பியர் திரிதரும் தெருவில் விலை கூறப்படுகிறது. வாங்குபவன் அவளுக்கு உரியவன். பட்டமும் விலையும் ஒரே மேடையிலிருந்து பிறக்கின்றன.

1954இல் முடிசூடிய லீலா நாயுடு, மதனப்பள்ளியைச் சேர்ந்த இயற்பியலறிஞர் ராமையா நாயுடுவுக்கும் பிரெஞ்சு மொழி பேசும் ஐரோப்பியத் தாய்க்கும் பிறந்தவர். அப்போது அவருக்குப் பதினான்கு வயதுதான். பின்னாளில் 'அனுராதா' படத்தின் நாயகி.

யூதப் பெண், அமெரிக்கத் தாயின் மகள், ஐரோப்பியத் தாயின் மகள். பிரிவினையின் குருதி காயாத ஆண்டுகளில் 'இந்தியா' என்ற பெயரைச் சூடியவர்கள் இவர்கள். இருவர் மதம் கடந்து மணந்தவர்கள். நேருவின் இந்தியா எவ்வளவு விரிந்த மனம் கொண்டது என்று மெச்சத் தோன்றும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1913இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. சாலுங்கே என்ற ஆண் நடித்தார். பிறகு திரைக்கு வந்த பெண்களில் ரூபி மையர்ஸ் போன்ற யூதர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கணிசமானோர். ரூபி மையர்ஸ் சுலோசனா என்று பெயர் மாற்றிக்கொண்டார். சாதி இந்துக் குடும்பங்கள் தம் மகளிரை வாசலுக்கு உள்ளேயே வைத்திருந்தன. வெளியே இருந்த இடத்தை ஏற்கெனவே வெளியே நின்றவர்கள் நிரப்பினார்கள். அழகிப் போட்டியிலும் நடந்தது இதுவே. பிரபலமான தேசபக்தரின் குடும்பத்தில் பிறந்த சூரியகுமாரியும் சினிமா வழியாக அந்தப் படியைச் சிறு வயதிலேயே தாண்டியவர். அந்தப் பன்மையை உருவாக்கியதில் திறந்த மனத்துக்கு உள்ள பங்கு மூடிய கதவுகளுக்கும் உண்டு.

ஆயினும் இப்பெண்களைச் சூழலின் விளைவாக மட்டும் சுருக்குவது அநீதி. பட்டம் அவர்களை உருவாக்கவில்லை; அவர்கள் வாழ்வில் அது ஒரு சிறு நிறுத்தம். இந்திராணி 1957இல் தேபபிரசாத் தாஸிடம் ஒடிசி கற்று, ஒரு வட்டாரத்தில் ஒதுங்கியிருந்த அந்த நடனத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். 1969இல் பத்மஸ்ரீ பெற்றார், நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் கற்பித்தார், 1999இல் மறைந்தார். சூரியகுமாரி 1961இல் நியூயார்க்கில் தாகூரின் நாடகத்தில் அரசி சுதர்சனாவாக நடித்துப் பரிசு பெற்றார். பிறகு லண்டனில் வாழ்ந்து 2005இல் காலமானார். பிரமீளா சொந்த நிறுவனம் தொடங்கிப் படங்கள் தயாரித்தார்.

இந்த வரிசையைக் கடைசியாக நிறைவு செய்பவர் ரீட்டா ஃபரியா. கோவா வம்சாவளியினர், பம்பாயில் மருத்துவ மாணவி. 1966இல் லண்டனில் உலக அழகிப் பட்டம் வென்ற முதல் ஆசியப் பெண். அவ்வாண்டே நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புடன் வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்கள் முன் தோன்றியதற்காகக் கண்டனத்துக்கு உள்ளானார். திரைப்பட, விளம்பர வாய்ப்புகள் காத்திருந்தன. ஓராண்டுப் பொறுப்பு முடிந்ததும் அவர் மருத்துவப் படிப்புக்குத் திரும்பினார்.

1994க்குப் பிறகு நடுத்தர வர்க்கம் தன் மகள்களை வாசலைத் தாண்ட அனுமதித்தது, ஏன், பயிற்சி கொடுத்தே அனுப்பியது. அது விடுதலையா என்று நாம் ஓயாமல் விவாதிக்கிறோம். அந்த வாசலை முன்பே, அனுமதி கேளாமல் தாண்டியவர்களின் பெயர்களை அந்த விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை. நடன வரலாற்றிலும் திரை வரலாற்றிலும் இவர்களுடைய பட்டம் ஓர் அடிக்குறிப்பு. அழகிப் போட்டியின் வரலாற்றிலோ இவர்களுடைய கலை ஓர் அடிக்குறிப்பு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர்கள் முழு மனிதர்களாக நமக்குக் கிடைப்பார்கள்.