நேரா உட்காருன்னு சொல்லாத மனுஷன்

முதுகு வலிக்குதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. மருந்து, மாத்திரை எல்லாம் அப்புறம். முதல்ல ஒரு அறிவுரை வந்துடும். "நேரா உட்காரு". அம்மா சொன்னது, பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் சொன்னது ("நெஞ்சை நிமிர்த்து, வயித்தை உள்ள இழு!"), ஆபீசுக்கு நாற்காலி விக்க வர்றவர் சொல்றது எல்லாமே இதைத்தான். நாமும் உடனே விறைப்பா நிமிர்ந்து உட்காருவோம். சரியா ரெண்டு நிமிஷம். அப்புறம் பழைய கூன் தானா வந்து ஒட்டிக்கும். (இதைப் படிச்சதும் நீங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தீங்க தானே? :-))

இப்படி விறைச்சு நிமிர்றதே தப்புன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சொன்னார். டாக்டர் இல்லை, விஞ்ஞானி இல்லை. மேடையில் ஷேக்ஸ்பியர் வசனம் பேசிப் பிழைத்தவர். பெயர் பிரெடரிக் மத்தாயஸ் அலெக்சாண்டர். 1869-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கீழே தொங்கிக்கிட்டிருக்கிற டாஸ்மேனியா தீவில் பிறந்தவர். குறைப்பிரசவக் குழந்தை, எப்பவும் சீக்கு. பையனா இருக்கும்போது வெள்ளீயச் சுரங்கக் கம்பெனியில் வேலை பார்த்தார். இருபது வயசுக்கு மெல்போர்ன் போய், நாடகப் பைத்தியம் பிடிச்சு, வசனம் சொல்ற கலைஞரா ஆனார். அந்தக் காலத்தில் மைக் கிடையாது. தனி ஆளா மேடையில் நின்னு, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி கத்தணும்.

கத்தினதில் தொண்டை போச்சு. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். பேசாம இருந்தால் குரல் திரும்பும், மேடை ஏறினால் மறுபடி போயிடும். அலெக்சாண்டர் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆரம்பிக்கும்போது குரல் நல்லா இருக்கு, முடிக்கும்போது இல்லை. அப்போ நடுவில் நான் ஏதோ செய்றதுதானே காரணம்? டாக்டர் ஆமாம்னார். அது என்னன்னு கேட்டதுக்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பதில் தெரியாத டாக்டரைத் திட்டிட்டு வேற டாக்டரைத் தேடிப் போகாம, மனுஷன் வீட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதுக்கு முன்னாடி வசனம் பேச ஆரம்பிச்சார். மூணு விஷயம் தெரிஞ்சுது. வாயைத் திறந்ததும் தலை பின்பக்கம் சாயுது, குரல்வளை கீழே அழுந்துது, வாய் வழியா 'ஹப்'னு மூச்சை இழுக்குறார். சாதாரணமா பேசும்போதும் இதே மூணும் கொஞ்சமா இருக்கு. மேடை வசனத்தில் அது பெரிசாயிடுது, அவ்வளவுதான்.

தலை பின்னாடி போகுதா, முன்னாடி வெச்சுக்கிட்டாப் போச்சு. வெச்சுக்கிட்டார். பலன் இல்லை. சந்தேகப்பட்டு, ரெண்டு பக்கமும் இன்னும் ரெண்டு கண்ணாடியை வெச்சுப் பார்த்தார். தலையை முன்னாடி கொண்டு வர்றதா அவர் நினைச்சுக்கிட்டிருந்த அதே நொடியில், தலை பின்னாடிதான் போய்க்கிட்டிருந்தது!

அதாவது, 'நேரா இருக்கேன்'னு உடம்பு சொல்றது பொய்யா இருக்கலாம். வருஷக்கணக்கில் கோணலா நின்னு பழகினவனுக்கு அந்தக் கோணல்தான் நேர். நேரா நிறுத்தினால் கோணலா இருக்கிற மாதிரி தோணும். அப்போ "நேரா நில்லு"ன்னு கட்டளை போட்டு என்ன பிரயோஜனம்? பழைய கோணலுக்கு மேலே இன்னொரு விறைப்பு ஏறும், கழுத்தும் தோளும் கூடுதலா இறுகும்.

அவர் கண்டுபிடிச்ச வழி விசித்திரமானது. செய்யாம இருக்கிறது. பேசணும்னு எண்ணம் வந்ததும் பேசாதே. உடம்பு வழக்கப்படி தயாராகுமே, அதை நிறுத்து. கழுத்தைத் தளர விடு, தலை முன்னாலும் மேலுமா போகட்டும், முதுகு நீளட்டும், அகலட்டும்னு மனசுக்குள்ளே மட்டும் சொல்லிக்கோ. அப்புறம் பேசினாலும் சரி, பேசாம கையைத் தூக்கினாலும் சரி. இப்படியே பழகிப் பழகி குரல் திரும்பியதாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கண்ணாடிக் கதைக்கு அவரே சாட்சி. சுமார் நாற்பது வருஷம் கழிச்சு, 1932-ல் வந்த 'த யூஸ் ஆஃப் த செல்ஃப்' புத்தகத்தில் எழுதினார். நாற்பது வருஷத்தில் எந்தக் கதையும் கொஞ்சம் மெருகேறத்தான் செய்யும். யார்கிட்டயும் எதையும் கத்துக்காம தனி ஆளா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கிறதை நான் அப்படியே விழுங்கத் தயாரில்லை.

1904-ல் லண்டன் கிளம்பினார். சிட்னியில் ஒரு சர்ஜன் தூண்டிவிட்டார். கப்பல் செலவுக்கு உதவினது குதிரைப் பந்தயத்தில் ஜெயிச்ச காசுன்னு சொல்லுவாங்க. மனுஷனுக்குக் குதிரைன்னா உயிர், அதனால நம்பலாம். லண்டனில் முதலில் வந்தது நடிகர்கள். அப்புறம் முதுகு வலிக்காரர்கள், கழுத்து வலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள்.

வந்தவங்க பட்டியலைப் பார்த்தா மலைப்பா இருக்கும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1916-ல் வந்தார். கொலம்பியாவில் அம்பேத்கருக்குப் பாடம் எடுத்த அதே டூயி. அலெக்சாண்டரின் மூணு புத்தகங்களுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்தார். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1935-ல் வந்தார். தூக்கம் போய், எழுதிக்கிட்டிருந்த நாவல் நின்னுபோயிருந்த நேரம். அடுத்த வருஷம் 'ஐலெஸ் இன் காசா' வந்தபோது, அதில் வர்ற மில்லர் பாத்திரத்தில் அலெக்சாண்டரின் சாயல் இருந்தது. பெர்னார்ட் ஷா எண்பது வயசில் வந்தார். 1942-ல் இந்தியாவுக்குத் தூது வந்தாரே ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ், அவரும் இவர் மாணவர்தான். 1937-ல் பத்தொன்பது டாக்டர்கள் சேர்ந்து, மருத்துவப் படிப்பில் இதைச் சொல்லித் தரணும்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குக் கடிதம் எழுதினாங்க.

இவ்வளவு பெரிய ஆளுங்க வந்தாங்கன்னா விஷயம் உண்மைன்னு அர்த்தமா? இல்லவே இல்லை. பெரிய எழுத்தாளர்கள் பெரிய ஏமாத்துக்காரர்களிடமும் போயிருக்காங்க. அலெக்சாண்டரும் அடக்கி வாசிக்கிறவர் இல்லை. 1910-ல் வந்த முதல் புத்தகத்தில் குடல்வால் அழற்சி வரைக்கும் போகிறார். அதே புத்தகத்தில் 'காட்டுமிராண்டி' இனங்கள், 'நாகரிக' இனங்கள்னு அவர் பேசுறதைப் படிச்சா நம்மூர்க்காரனுக்குக் கோபம்தான் வரும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பலர் அப்படித்தான் எழுதினாங்கங்கிறது விளக்கமா இருக்கலாம், எனக்குச் சமாதானமா இல்லை.

சண்டை வெடிச்சது தென்னாப்பிரிக்காவில். அலெக்சாண்டரின் சீடர் ஐரீன் டாஸ்கர் ஜோகன்னஸ்பர்க்கில் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தார். (ஆதிமனிதன் ஆராய்ச்சியில் பெரிய பேரான ரேமண்ட் டார்ட் அவரிடம் பாடம் கேட்டவர். மனுஷக் குரங்கு எப்படி நிமிர்ந்ததுன்னு ஆராய்ந்தவர், தான் நிமிர வகுப்புக்குப் போனார்!) 1944-ல் அங்கே உடற்கல்விக்காக வந்துகொண்டிருந்த 'மேன்பவர்' பத்திரிகையில் எர்ன்ஸ்ட் யோக்ல்ங்கிற உடற்கல்வி அதிகாரி ஒரு கட்டுரை போட்டார். தலைப்பிலேயே 'போலி வைத்தியம்'. இந்த ஆளு சொல்றது பிதற்றல், ஆபத்தான பிதற்றல்ங்கிற ரீதியில் கிழிச்சு எறிஞ்சிருந்தார்.

யோக்லுக்கு ஏன் அவ்வளவு கோபம்? டிரில், தேகப்பயிற்சி, வரிசையா நின்னு கை வீசுறது, இதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு ஆரம்பத்திலிருந்தே எழுதி வந்தவர் அலெக்சாண்டர். தப்பா பழகின உடம்பை வெச்சுப் பயிற்சி செஞ்சா தப்புதான் பலப்படும்ங்கிறது அவர் வாதம். உடற்கல்வியே தொழிலா இருக்கிறவருக்கு இது சும்மா விடற விஷயமா?

அலெக்சாண்டர் அவதூறு வழக்குப் போட்டார். போர் நடந்துகிட்டிருந்ததால் இழுத்துக்கிட்டே போய், விசாரணை 1948-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. பாவம், அவரால் போக முடியலை. 1947 கடைசியில் விழுந்து, பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வயசு 78. எதிர்த்தரப்புக்கோ ஏட்ரியன், ஹென்றி டேல்னு ரெண்டு நோபல் பரிசுக்காரர்கள் லண்டனில் சாட்சி சொன்னாங்க. நரம்பு மண்டல ஆராய்ச்சியில் பிதாமகரான ஷெரிங்டன், இன்னொரு நோபல்காரர், 1946-ல் வந்த தன் புத்தகத்தில் அலெக்சாண்டரைப் பாராட்டி எழுதியிருந்தார் என்பது வேற விஷயம்.

தீர்ப்பு அலெக்சாண்டர் பக்கம். ஆயிரம் பவுண்டு நஷ்ட ஈடு. மேல்முறையீடும் 1949-ல் தள்ளுபடி. அவரோட ஆட்கள் இதைப் பெரிய அங்கீகாரமா கொண்டாடினாங்க. எனக்கென்னமோ அது சரியாப் படலை. நீதிமன்றம் பார்த்தது இந்த மனுஷரைப் போலின்னு எழுதினது அவதூறா இல்லையான்னு. முதுகு வலி போகுதா போகலையான்னு நீதிபதி எப்படிச் சொல்ல முடியும்? அதுக்கு வலி உள்ளவங்களைக் கூப்பிட்டு, எண்ணி, பிரிச்சு, ஒரு வருஷம் காத்திருந்து பார்க்கணும். அப்படி யாரும் பார்க்கிறதுக்குள்ளே, பக்கவாதத்திலிருந்து மீண்டு மறுபடி வகுப்பெடுத்த அலெக்சாண்டர் 1955-ல், 86 வயசில் இறந்து போனார்.

நடுவில் ஒரு வேடிக்கை. 1973-ல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததுக்காக நோபல் வாங்கின டின்பர்கன், அந்த மேடைப் பேச்சில் பறவை, மீனை எல்லாம் ஓரம் கட்டிட்டு, கணிசமான நேரம் அலெக்சாண்டரைப் பத்திப் பேசினார். தானும் குடும்பத்தில் சிலரும் கத்துக்கிட்டதில் கண்ட பலனைச் சொன்னார். விஞ்ஞானிகள் சிலர் நெளிஞ்சாங்கன்னு வெச்சுக்குங்களேன்.

எண்ணிப் பார்த்தது 2008-ல்தான், அதாவது தீர்ப்பு வந்து அறுபது வருஷம் கழிச்சு. இங்கிலாந்தில் நாள்பட்ட கீழ் முதுகு வலி உள்ள 579 பேரைக் குலுக்கல் முறையில் பிரிச்சாங்க. சிலருக்கு வழக்கமான வைத்தியம், சிலருக்கு மசாஜ், சிலருக்கு அலெக்சாண்டர் வகுப்பு ஆறு, சிலருக்கு இருபத்தி நாலு. ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்கு உடற்பயிற்சியும் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு, "போன நாலு வாரத்தில் எத்தனை நாள் வலிச்சுது?"ன்னு கேட்டாங்க. வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவங்களுக்கு 21 நாள். இருபத்தி நாலு வகுப்பு போனவங்களுக்கு அதைவிட 18 நாள் குறைவு! ஆறு வகுப்புக்கு 10 நாள் குறைவு. மசாஜுக்கு 7. ஆறு வகுப்போட நடைப்பயிற்சி மாதிரி உடற்பயிற்சியும் சேர்ந்தால், இருபத்தி நாலு வகுப்பின் பலனில் பெரும்பகுதி கிடைச்சுது. டிரிலைத் திட்டின அலெக்சாண்டருக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு ருசிச்சிருக்குமோ!

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். தான் வகுப்புக்குப் போறோமா இல்லையான்னு தெரியாத மாதிரி யாரையும் வெச்சுக்க முடியாது. ஒருத்தர் பொறுமையா, முழுக் கவனத்தோட கழுத்தில் கை வெச்சு வாரா வாரம் கவனிச்சுக்கிட்டாலே வலி கொஞ்சம் குறையலாம். 2015-ல் கழுத்து வலிக்காரங்க 517 பேரை வெச்சு நடத்தின இன்னொரு ஆய்வில் அலெக்சாண்டர் வகுப்பும் உதவினது, அக்குபங்சர் ஊசியும் கிட்டத்தட்ட அதே அளவு உதவினது. ரெண்டும் வழக்கமான வைத்தியத்தைவிட மேல். ரெண்டிலும் பொதுவா இருந்தது எதுன்னு யோசிக்க வேண்டியிருக்கு. என் கணக்கில் யோக்ல் சொன்ன 'போலி' தப்பு. முதல் புத்தகத்தில் அலெக்சாண்டர் அளந்ததும் தப்பு. கண்ணாடி முன்னாடி நின்னவர் மட்டும் தேறுறார்.

வகுப்பில் அப்படி என்னதான் செய்றாங்க? பெரிசா ஒண்ணுமில்லை. ஒரு சாதாரண நாற்காலி. உட்காரணும், எழுந்திருக்கணும். எழுந்திருக்க நினைச்சதும் கழுத்து சுருங்கி, தலை பின்னாடி போகுமில்லையா? ஆசிரியர் கழுத்துப் பக்கம் லேசா கை வெச்சிருப்பார். அது நடக்கும்போது நிறுத்தச் சொல்வார். மறுபடி உட்கார், மறுபடி எழு. 'சரியான நிலை'ன்னு ஒண்ணைக் காட்டவே மாட்டாங்க. நிலைன்னு ஒண்ணு கிடையாது, எந்தப் பக்கமா போறோம்ங்கிறதுதான் உண்டுங்கிறது இவங்க சித்தாந்தம்.

வீட்டில் செய்யச் சொல்றது இன்னும் சுலபம். தரையில் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுக்கணும். முழங்காலை மடக்கி, பாதம் தரையில். தலைக்கு அடியில் தலையணைக்குப் பதிலா ரெண்டு மூணு புத்தகம். கால் மணி நேரம், கண்ணை மூடாம, எதையும் 'செய்யாம' கிடக்கணும். புத்தகத்தின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். தலை பின்னாடி தொங்கவும் கூடாது, தாடை தொண்டையில் அழுந்தவும் கூடாது. என்ன புத்தகம்ங்கிறது முக்கியமில்லையாம். அலமாரியில் படிக்காம தூங்குற தடி நாவல்களுக்கு ஒரு வழி கிடைச்சுது.