ஃபெட்சென்கோ பனியாறு

ஃபெட்சென்கோ பனியாறு தஜிகிஸ்தானின் பாமிர் மலைகளில் ஏறத்தாழ 77 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் பள்ளத்தாக்குப் பனியாறு. துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகிலேயே நீளமானது என்பது இதற்கு வழக்கமாகச் சூட்டப்படும் பெருமை. காரகோரத்தின் சியாச்சினும் 76 கி.மீ. நீளம் என்பதால், எங்கிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதிலேயே இந்த முதலிடம் ஆட்டம் கண்டுவிடும். மனித நடமாட்டம் அரிதான இடத்தில் தலைமுறை தாண்டி அளக்கப்பட்டு வந்ததே இதன் உண்மையான சிறப்பு.

1878இல் ரஷ்ய இயற்கையியலாளர் ஒஷானின் இதன் கீழ்முனையைக் கண்டு, 1873இல் ஆல்ப்ஸில் உயிரிழந்த ஆய்வாளர் அலெக்சி ஃபெட்சென்கோவின் பெயரை வைத்தார். பெயருக்குரியவர் இந்தப் பனியாற்றைப் பார்த்ததே இல்லை. முழு வடிவம் தெரியவர 1928இன் சோவியத்-ஜெர்மன் ஆய்வுப் பயணம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் ரிச்சர்ட் ஃபின்ஸ்டர்வால்டர் இரு இடங்களில் கருவியை நிறுத்தி ஒரே சரிவை இருமுறை படமெடுத்தார். அவ்விரு படங்களின் வேறுபாட்டிலிருந்து பனிப்பரப்பின் உயரம் கணக்கிடப்பட்டு வரைபடமானது. 1933இல் சுமார் 4,170 மீட்டர் உயரத்தில் வானிலை நிலையம் எழுந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1990களின் நடுவில் அது கைவிடப்பட்டது. 2023இல் தஜிகிஸ்தான் அரசு பனியாற்றின் பெயரை வஞ்ச்யாக் என்று மாற்றியது. தஜிக் மொழியில் 'யாக்' என்றால் பனிக்கட்டி.

செயற்கைக்கோள்கள் வந்தபின் மலையுச்சியில் ஆள் எதற்கு என்று கேட்கலாம். அவை இன்றைய பரப்பைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் 1928இன் பரப்பை அவற்றால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. மேலே விழும் பனியின் அடர்த்தியையும் நிலத்தில் நின்றுதான் உறுதிசெய்ய வேண்டும். பனியாற்றின் மேற்பகுதி பெரிதாக மாறவில்லையே என்பது இன்னொரு வாதம். அது உண்மைதான். ஆனால் கற்குவியல் போர்த்திய கீழ்ப்பகுதி, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால், பல பத்து மீட்டர் மெலிந்திருக்கிறது. முனை எவ்வளவு பின்வாங்கியது என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்பு முழுதாகப் புலப்படாது. பழைய அளவு கையில் இருப்பதால்தான் அதைச் சொல்லவே முடிகிறது. இப்பனி உருகும் நீர் முக்சு, வக்ஷ் ஆறுகள் வழியாக அமு தர்யாவைச் சேர்கிறது. அந்த ஆற்றை நம்பி உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலும் பருத்தி வயல்கள் இருக்கின்றன.