காலையில் கர்ப்பப்பை சத்திரசிகிச்சை, மாலையில் வீடு

கர்ப்பப்பையை எடுத்தால் ஒரு கிழமை ஆஸ்பத்திரி, மூன்று மாதம் ஓய்வு என்பதுதான் எங்கள் வீடுகளில் உள்ள கணக்கு. பிரித்தானியா, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தக் கணக்கு மாறி வருகிறது. காலையில் சத்திரசிகிச்சை, அன்று மாலையே வீடு. எல்லோருக்கும் இல்லை, ஆனால் நாளுக்கு நாள் கூடுதலான பெண்களுக்கு.

லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள் அப்படி வீடு திரும்பியவர். நார்க்கட்டிகளால் வருடக்கணக்கில் இரத்தப்போக்கோடு அவதிப்பட்டவர். இரவு எட்டு மணிக்கு அவர் தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடி வீடியோ அழைப்பில் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் என் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன் பிள்ளை, கட்டில் இல்லையெண்டு துண்டு வெட்டி அனுப்பிப்போட்டாங்களோ?"

அம்மாவின் சந்தேகத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டிலுக்குச் செலவு உண்டு, வரிசையில் காத்திருப்போரும் உண்டு. கொவிட் காலத்தில் இந்த முறை வேகம் பிடித்ததற்கும் அதுவே ஒரு காரணம். ஆனால் கட்டில் பற்றாக்குறை மட்டும் இதைச் சாத்தியமாக்கவில்லை.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால் பொதுவாகச் சில நாட்கள் விடுதியில் இருக்கத்தான் வேண்டும். அன்றே வீடு போவது யோனி வழியாகவோ லப்பிரஸ்கோப் மூலமாகவோ செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹரி ரைக் என்ற வைத்தியர் 1988இல் லப்பிரஸ்கோப் மூலம் முதன்முதலாகக் கர்ப்பப்பையை அகற்றினார். வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். கர்ப்பப்பை பெரும்பாலும் யோனி வழியாகவே வெளியே எடுக்கப்படும்.

மற்ற மாற்றம் டென்மார்க்கில் இருந்து வந்தது. 1990களில் ஹென்ரிக் கெலெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குடல் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஏன் இத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டார். வலி, வாந்தி, நீண்ட நேரப் பட்டினி, சலக்குழாய், அசையாமல் கிடப்பது. இவை ஒவ்வொன்றையும் குறைத்தால் நாட்களும் குறையும் என்று காட்டினார். சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்வரை தண்ணீர் குடிக்க விடுவதும், சலக்குழாயை நேரத்துக்குக் கழற்றி அன்றே எழுப்பி நடத்துவதும் இந்தச் சிந்தனையில் இருந்து பரவியவைதான்.

வீட்டுக்கு விடுவதை நேரம் தீர்மானிப்பதில்லை. தானாகச் சலம் போக வேண்டும். குடித்ததும் சாப்பிட்டதும் வயிற்றில் தங்க வேண்டும். குளிசைக்கு வலி அடங்க வேண்டும். பிறர் கையைப் பிடித்தாவது நடக்க வேண்டும். இரத்தப்போக்கு குறைவாக இருக்க வேண்டும். இரவு பக்கத்தில் வளர்ந்த ஒருவர் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மறித்து வைப்பார்கள். அக்கா சலம் போவதற்காகவே இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தார். இதய நோய், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களையும் தனியாக வசிப்பவர்களையும் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே இந்த வழிக்கு எடுப்பதில்லை.

முதல் இரவில் பலரைப் பயமுறுத்துவது தோள்மூட்டு வலி. வயிற்றை விரிக்கச் செலுத்திய காபனீரொட்சைட்டு வாயுவின் மிச்சம் பிரிமென்தகட்டை உறுத்தும். அந்த வலி தோளில் தெரியும். எழுந்து நடக்க நடக்க ஓரிரு நாளில் குறையும். வலிக் குளிசையை, வலி வரட்டும் என்று காத்திராமல், சொன்ன நேரத்துக்கு எடுப்பதுதான் நல்லது. மலச்சிக்கலுக்குத் தந்த மருந்தையும் விடக்கூடாது. முக்குவது உள்தையலுக்கு ஆகாது.

பொருத்தமானவர்களைத் தெரிவு செய்து அனுப்பினால், ஓர் இரவு தங்கியவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் திரும்பி வருவதில்லை என்றே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. இதற்கு ஒரு எளிய விளக்கம் உண்டு. குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ தெரியாமல் ஏற்பட்ட காயம் பல வேளைகளில் முதல் நாளில் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்தே காட்டும். கிருமித்தொற்றும் அப்படித்தான். அதாவது, ஓர் இரவு தங்கிப் போனவரும் அந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார்.

ஆகவே இவற்றை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் நப்கின் முழுதும் நனையும் இரத்தம், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், குறைந்து வந்த வலி மீண்டும் கூடுவது, வயிறு ஊதி வாந்தி எடுப்பது, சலம் போகாமை, கெட்ட மணத்தோடு வெள்ளை போவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது. இதில் எதுவானாலும் விடியும்வரை பார்க்கக்கூடாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸ்.

இங்கே தூரம் என்ற கேள்வி வருகிறது. அக்காவின் கையில் இரவிலும் எடுத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி இருபது நிமிடத்தில். வவுனியாவில் இருந்து கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவருக்கு "வீடு" என்பது 250 கிலோமீற்றர் தூரம். அவர் அன்றே துண்டு வெட்டினாலும் சில நாள் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்குவதுதான் புத்தி. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வருவார். கர்ப்பப்பை எடுத்த வீட்டுக்கு அப்படி யாரும் வரும் வழக்கம் இல்லை.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எங்கள் பெண்கள் பலருக்கு விடுதிக் கட்டில்தான் யாரும் குறை சொல்லாத ஒரே ஓய்வு. வீட்டுக்கு வந்துவிட்டால் "சின்ன ஓட்டைதானே" என்று மூன்றாம் நாள் அடுப்படி. வெளியே தெரியும் காயம் சின்னது. உள்ளே யோனியின் மேல்முனை தைத்து மூடப்பட்டிருக்கிறது. அது ஆற வாரக்கணக்காகும். வீட்டுக்குள் நடப்பது, தேத்தண்ணீர் போடுவது பிரச்சினை இல்லை. கிணற்றில் அள்ளுவது, காஸ் சிலிண்டர் நகர்த்துவது, பெரிய சோற்றுப் பானை இறக்குவது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் நான்கு முதல் ஆறு கிழமைக்கு வேண்டாம். உடலுறவு குறைந்தது ஆறு கிழமைக்கு இல்லை. இதைக் கணவரும் இருக்கும்போது வைத்தியர் வாயால் சொல்லவைப்பது நல்லது. மனைவி சொன்னால் சாட்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சூலகங்களையும் எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். எடுத்திருந்தால், மாதவிடாய் நிற்கும் வயது வராதவருக்கும் திடீரென உடல் வெக்கையும் வியர்வையும் வரும். அதற்கு வேறு ஆலோசனை தேவை.

எடுத்த கர்ப்பப்பை ஆய்வுகூடத்துக்குப் போகும். அறிக்கை வரச் சில நாள், சில இடங்களில் சில கிழமை. அன்றே வீடு போகிறவருக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்காது, சொன்னது பாதி மறந்துவிடும். அறிக்கையை எங்கே எடுப்பது, கிளினிக் எந்தத் திகதி, இரவில் எந்த இலக்கம் என்பவற்றைக் கூடப் போகிறவர் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.