16,00,984: புதுவையில் சோழிகளால் எண்ணப்பட்ட நாட்கள்

ரமளான் பிறை நெருங்கும்போதெல்லாம் முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் கேட்பதுண்டு: "உஸ்தாத், சந்திரனைக் கணக்கிடுவது சோதிடம்தானே, அதை நாம் படிக்கலாமா?" சோதிடம் பலன் சொல்வது, வானியல் கணிதம் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்வது. அல்பிரூனி இவ்விரண்டின் வேறுபாட்டையும் அறிந்தவர்; இந்திய வானியலைச் சமஸ்கிருதம் கற்றே ஆராய்ந்தார். நம் புதுவையிலேயே வழங்கிய ஓர் எண்ணைக் கொண்டு இதனை விளக்கலாம்.

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீ, 1768இல் புதுச்சேரியை அடைந்தார். 1769 ஜூன் 4 அன்று மேகம் மறைத்ததால் அவர் எதையும் காணவில்லை. ஆயினும் இங்கிருந்த தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். பின்னர் ஜான் வாரன் என்பவர், ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனத்திலிருந்தே சொல்லி, 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. எழுதுகோலின்றிச் செய்த கணக்கிற்கு இது சிறிதன்று.

அம்முறையின் முதற்படியே 16,00,984. கலியுகத் தொடக்கமாகக் கொள்ளப்பட்ட நாளிலிருந்து கழிந்த நாட்களில் இதனைக் கழிக்க வேண்டும். அத்தொடக்கம் நமக்கு மார்க்கத்தில் பொருளுடையதன்று. எண்ணுவதற்கு ஒரு முதல் நாள் வேண்டும், அவ்வளவே. இவ்வெண் சுட்டும் நாள் 1282 மே 22, ஹிஜ்ரி 681 ஸஃபர் மாதம். அன்று சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவில் நின்றதாகக் கொண்டனர்.

எண்ணைப் பகுத்தால் 8 × 7 × 11 × 23 × 113. ஏழால் மீதமின்றி வகுபடுவதால் தொடக்க நாளின் கிழமையே அன்றும் வரும். கலியின் முதல் நாள் வெள்ளி. 1282 மே 22உம் வெள்ளி, நம் ஜும்ஆ நாள்!

கழித்து வந்த மீதியை 12,372, 3,031, 248 ஆகியவற்றால் வரிசையாக வகுப்பர். சந்திரன் தன் தொலைவுப் புள்ளிக்குத் திரும்ப ஏறத்தாழ 27.55455 நாள் ஆகிறது. 9 சுற்றுக்கு 248 நாள் என்றால் 13 நிமிடம் பிசகும்; 110 சுற்றுக்கு 3,031 நாள் என்றால் ஒரு நிமிடம்கூடப் பிசகாது. இந்த நுட்பம் என்னை வியக்க வைக்கிறது.

நினைவிற்காக எண்களை எழுத்தாக்கினர். 'தேவர'வில் தே 8, வ 4, ர 2. பின்னிருந்து படித்தால் 248. பிஸ்மில்லாஹ்வை 786 என்று எழுதும் அப்ஜத் முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று.

வாரன் பதிந்த கிரகண நாளையே பார்ப்போம். மே 31 வரை கழிந்தவை 17,99,312 நாட்கள். 16,00,984 போக 1,98,328. அதனை 12,372 பதினாறு முறை வகுக்க, மீதி 376. அது 3,031க்குக் குறைவு. 248 ஒரு முறை போக, எஞ்சுவது 128. மனனம் செய்த 248 வாக்கியங்களில் 128ஆம் வாக்கியம் அன்றைய சந்திரனின் இருப்பிடத்தைக் கணிக்க உதவும். பிறையைக் கண்ணால் காண்பது குறித்த ஃபிக்ஹ் சட்டத்தை இக்கணக்கு தொடவில்லை. அதில் ஆலிம்களின் கருத்துகள் தனியே உள்ளன. அடுத்த வெள்ளி அஸருக்குப் பின் பிள்ளைகள் ஆளுக்கு முப்பது சோழி கொண்டு வரட்டும். அவரவர் பிறந்த நாளுக்குரிய வாக்கிய எண்ணைக் கண்டுபிடிப்போம்.