கேட்காத கருணை

இரண்டு போலீஸ்காரர்கள் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். பூவா, தலையா? ஜெயிப்பவருக்கு உடனே சாவு. தோற்பவர் காத்திருக்க வேண்டும். ஜெயித்தவர் திலாவர் சிங். தோற்றவர் பல்வந்த் சிங் ரஜோவானா.

1995 ஆகஸ்ட் 31, மாலை. சண்டிகர் தலைமைச் செயலக வாசலில் பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங்கின் கார் நிற்கிறது. போலீஸ் சீருடையில் திலாவர் நெருங்குகிறார். இடுப்பில் கட்டியிருந்த குண்டு வெடிக்கிறது. முதல்வரோடு மேலும் 16 பேர் செத்துப்போனார்கள். திலாவர் தவறியிருந்தால் அடுத்த மனித வெடிகுண்டு ரஜோவானா. திட்டம் பப்பர் கால்சா என்ற காலிஸ்தான் தீவிரவாத அமைப்பினுடையது.

லூதியானா மாவட்டத்துக்காரரான ரஜோவானா, 1987-ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். தீவிரவாதத்தை ஒடுக்கப் புறப்பட்ட படையிலிருந்தே இப்படி ஒருவர் கிளம்பியது எப்படி?

பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததையும், இந்திரா படுகொலையையும், டெல்லித் தெருக்களில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். அந்த ரணம் ஆறும் முன்பே 1992-ல் தேர்தல் வந்தது. அகாலிகளில் பெரும்பகுதியினர் புறக்கணித்த அந்தத் தேர்தலில் நாலில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. அப்படி முதல்வரானவர்தான் பியாந்த் சிங். அவர் ஆட்சியில் டி.ஜி.பி. கே.பி.எஸ். கில்லின் போலீஸ் துப்பாக்கிக்குத் துப்பாக்கியால் பதில் சொன்னது. தீவிரவாதம் அடங்கியது. ஆனால் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பல இளைஞர்கள் திரும்பவே இல்லை. அமிர்தசரஸ் வட்டாரச் சுடுகாட்டுப் பதிவேடுகளைப் புரட்டி, 'அடையாளம் தெரியாத உடல்' என்று போலீஸ் எரித்தவற்றைக் கணக்கெடுத்தார் ஜஸ்வந்த் சிங் கால்ரா. முதல்வர் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆவதற்குள், செப்டம்பர் 6 அன்று, கால்ராவையே போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அவரும் திரும்பவில்லை. அந்த வழக்கில் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட 2005 வரை ஆனது.

முதல்வர் கொலையில் ரஜோவானா 1995 டிசம்பரில் பிடிபட்டார். நீதிமன்றத்தில் அவர் நடந்துகொண்ட விதம் விசித்திரமானது. வக்கீல் வேண்டாம் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2007-ல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது மேல்முறையீடு செய்யவில்லை. 2010-ல் உயர் நீதிமன்றம் சக குற்றவாளி ஜக்தார் சிங் ஹவாராவின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. ரஜோவானாவின் தூக்கை மட்டும் உறுதிசெய்தது. அப்போதும் அவர் உச்ச நீதிமன்றத்தின் படியேறவில்லை. இந்த நீதிமன்றங்களிடம் கெஞ்ச மாட்டேன் என்பதே அவர் நிலை.

2012 மார்ச் 31 என்று தேதி குறித்தாயிற்று. பஞ்சாபின் வீட்டுக் கூரைகளில் காவிக் கொடிகள் ஏறின. சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் அவரை 'வாழும் தியாகி' என்று அறிவித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. பாட்டியாலா சிறைக் கண்காணிப்பாளரோ, இதே வழக்கில் மற்றவர்களின் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறதே என்று தூக்கு ஆணையைத் திருப்பி அனுப்பினார். கடைசியில், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு கொடுத்தது. மூன்று நாள் மிச்சமிருக்கையில் மத்திய உள்துறை தூக்கை நிறுத்திவைத்தது. மறுநாள் குர்தாஸ்பூரில் போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞர் இறந்தார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கருணை மனுவைத் தீர்க்கக் காரணமில்லாமல் தாமதித்தால் தூக்கை ஆயுளாகக் குறைக்கலாம் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழியில்தான் அடுத்த மாதம் ராஜீவ் கொலை வழக்கின் மூன்று பேரும், மார்ச்சில் பஞ்சாபின் தேவிந்தர்பால் சிங் புல்லரும் தூக்கிலிருந்து தப்பினார்கள். ரஜோவானா தப்பவில்லை. தனக்காக அவர் மனுவே போடவில்லை, போட்டது கமிட்டி. குருநானக்கின் 550-வது பிறந்தநாள் ஆண்டான 2019-ல் தண்டனையைக் குறைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்போடு சரி.

பிறகு அவரே உச்ச நீதிமன்றம் வந்தார். அப்போதும் கருணை கேட்டு அல்ல, காலதாமதத்தைக் காட்டி. 2023 மே 3 அன்று நீதிமன்றம் குறுக்கிட மறுத்தது. நாட்டின் பாதுகாப்பைக் கருதி உள்துறை முடிவைத் தள்ளிவைத்திருக்கிறது. தள்ளிவைப்பதே இப்போதைக்குக் கருணை இல்லை என்ற முடிவுதான் என்றது.

தூக்கில் போட்டால் பஞ்சாப் கொதிக்கும். விட்டுவிட்டால் அன்று சிதறிப்போன பதினேழு குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? இரண்டுக்கும் துணியாத டெல்லி, கோப்பை மூடிவைத்தது. நாணயத்தில் தோற்றவருக்கு விழுந்த காத்திருப்பை அரசாங்கமே தண்டனையாக்கிவிட்டது.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களும் இதே வழக்கில் இருந்தார்கள். 2004 ஜனவரியில், சண்டிகரின் புரைல் சிறையில் மூன்று பேர் தரையைத் தோண்டி வெளியே போனார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் அடுத்த வாரம் இறங்குவோம்.

(தொடரும்)